பலகையில் பதினேழாம் இடம்

படைப்பிரிவுக்கு அவர் தரவேண்டிய பாக்கி நூற்று எண்பத்து நான்கு ரூபாய் நாற்பது காசு. தொலைந்துபோன ஒரு ஸ்பேனரின் விலை. இருபத்து நான்கு வருடமாக வருடம் தவறாமல் கடிதம் வந்துகொண்டிருந்தது. அனுப்பிய தபால் செலவைக் கூட்டினால் அதுவே பாக்கியைத் தாண்டியிருக்கும். அவர் ஒரு காசு கட்டவில்லை.

இந்த வருடக் கடிதம் வழவழப்பான உறையில் வந்தது. சண்டை விமானப் பிரிவுக்கு ஐம்பது வயதாகிறதாம். வரலாறு எழுதுகிறார்களாம். பழைய ஆட்கள் வந்து வரைவைப் படித்துப் பார்க்கலாமாம். அடியில் பொடி எழுத்தில், 'பாக்கி உள்ளவர்கள் அதைச் செலுத்திவிட்டு வரவும்.'

"கொழுப்பைப் பாத்தியா?" என்று கடிதத்தை மேசைமேல் எறிந்தார்.

"ரெண்டு நாள் மூட்டை தூக்கினா வர்ற காசு. அன்னைக்கே கட்டித் தொலைச்சிருக்கலாம்" என்றாள் மனைவி.

"கட்டினா நான்தான் தொலைச்சேன்னு ஆயிடும்டி."

"கட்டாம என்னத்தக் கண்டீங்க? வேலை போச்சு, பென்ஷன் போச்சு, முதுகும் போச்சு. வீராப்பு மட்டும் வாடகை கொடுக்காம வீட்டுல உக்காந்திருக்கு."

சொன்னாளே தவிர, சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

பிரிவில் வரலாற்று அறை என்று ஒன்றைத் திறந்திருந்தார்கள். சுவரெல்லாம் படங்கள். நடுவே நீளமேசை. இளம் அதிகாரி ஒருத்தி எழுந்து நின்று நாற்காலி போட்டாள். வரைவில் ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்து, "உங்க காலம் இதுலதான் வருதுங்க ஐயா" என்றாள்.

விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். எத்தனை விமானங்கள், எத்தனை பதக்கங்கள், எந்தத் தளபதி எந்த விருந்தாளியை வரவேற்றார் என்று விலாவாரியாக இருந்தது. விமானம் விழுந்த அந்த நாளுக்கு ஒரே வரி. 'கருவி அறைக் காப்பாளரின் கவனக்குறைவால் ஒரு விமானத்தையும் இளம் விமானியையும் இழந்தோம்.'

அந்தக் காப்பாளர் அவர்தான். பக்கத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"இதை யார் சொன்னது?"

"விசாரணை அறிக்கையில இருக்குங்க."

"அப்போ நான் எதுக்கு? பாயாசத்துக்கு முந்திரி மாதிரி மேல தூவிக்கவா?"

அவள் முகம் சிவந்தது. ஆனால் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்க, கேக்கறேன்" என்றாள்.

சொன்னார். கருவி அறையில் ஒரு பலகை. சாம்பல் பூச்சின்மேல் ஒவ்வொரு கருவியின் உருவமும் சிவப்பில் வரைந்திருக்கும். விமான வேலை முடிந்ததும் கருவி அதன் உருவத்தின்மேல் வந்து தொங்கவேண்டும். ஓர் உருவம் வெறுமையாகத் தெரிந்தால் கருவி விமானத்துக்குள் கிடக்கிறது என்று பொருள், விமானம் அசையக்கூடாது. பலகை நிறைந்தால் அவர் அறைவாசலில் நின்று கையைத் தூக்குவார். அந்தக் கையைப் பார்த்துத்தான் விமானி ஏணியில் கால் வைப்பான்.

"அன்னைக்குப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் இல்ல. தளபதிகிட்டப் போய்ச் சொன்னேன். விருந்தாளிங்க வந்து உக்காந்தாச்சு, எட்டு விமானம் பறந்தே ஆகணும்னாரு. நான் கையைத் தூக்க மாட்டேன்னேன். என்னைக் காவலறையில உக்கார வெச்சு வெளியில பூட்டினாங்க. ஜன்னல் வழியா எண்ணினேம்மா. எட்டு போச்சு. ஏழு வந்துது."

"விசாரணையில இதைச் சொல்லலையா?"

"சொல்லாம? தொண்டை கிழியக் கத்தினேன். பலகையைத் தூரத்துல நிறுத்திக் காட்டினாங்க. முப்பத்தொண்ணு உருவம், முப்பத்தொண்ணு கருவி. ஒரு இடம் காலியில்ல. விழுந்த விமானத்துல கிடந்த ஸ்பேனர், பலகைக்கு வெளியில நான் கள்ளத்தனமா வெச்சிருந்ததுன்னு எழுதிட்டாங்க. பழைய பலகையைக் கொளுத்திட்டுப் புதுசு மாட்டிட்டானுங்க. இல்லேன்னா எப்படி?"

அவள் மெல்லத் திரும்பி, கதவுக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினாள். "அந்தப் பலகை இங்கதான் இருக்கு. காட்சிக்கு வெச்சிருக்கோம்."

எழுந்து போனார். சாம்பல் பலகை. சிவப்பு உருவங்கள். ஒரு பார்வையிலேயே காலி இடம் இல்லை என்பது தெரிந்தது. அப்புறம் கீழ்மூலையைப் பார்த்தார். அங்கே ஒரு தகரத்துண்டு, நான்கு ஆணி, அதில் ஒன்று கோணல். பலகை உளுத்தபோது அவரே அடித்த தகரம். அவரே கோணலாக்கிய ஆணி.

இது புதுப்பலகை இல்லை.

பதினாறாம் எண்ணுக்கும் பதினெட்டாம் எண்ணுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் சாம்பல். விரலை வைத்துத் தடவினார். பூச்சுக்கு அடியில் ஒரு விளிம்பு மேடாக ஓடியது. சட்டைப்பையில் இருந்த வீட்டுச்சாவியை எடுத்துச் சுரண்டினார். சாம்பல் செதில்செதிலாக உதிர்ந்தது. சிவப்பு தெரிந்தது. ஸ்பேனரின் வாய், கழுத்து, பிடி. பக்கத்தில் அவர் கையால் எழுதிய பதினேழு.

"யாருய்யா அது? காட்சிப் பொருள்மேல கை வைக்கிறது!" என்று உள்ளறையிலிருந்து தலைமை எழுத்தர் ஓடிவந்தார். அந்தக் காலத்தில் ஒல்லியாக, தளபதிக்குத் தேநீர் தூக்கிய பையன். இப்போது தொப்பையும் கண்ணாடியும். சிவப்பைப் பார்த்தார். சாவி பிடித்த கையைப் பார்த்தார். முகத்தையும் பார்த்தார். நின்ற இடத்தில் நின்றார்.

"அண்ணே..."

"அண்ணனா? யார்றா பூசினது?"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன்னைத்தான்டா கேக்கறேன்!"

"தளபதி பெயிண்ட் டப்பாவைக் கையில கொடுத்தாரு, பூசினேன். ஈரம் காயறதுக்குள்ள அவரே வந்து பாத்தாரு. அப்புறம் வாசல்ல போய் நில்லுன்னாரு."

"நின்னு?"

எழுத்தர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூக்கினேன். அந்த விமானிப் பையன் அவ்வளவு தூரத்துல இருந்து பாத்தான். நீங்கதான்னு நெனச்சு சிரிச்சுட்டு ஏறினான் அண்ணே."

அடித்துவிடுவார் என்று அதிகாரி நடுவே வந்து நின்றாள். அவர் அடிக்கவில்லை. தூக்க முடியாத எத்தனை மூட்டைகள் இருபத்து நான்கு வருடத்தில் அவர் முதுகில்! இவன் அத்தனை வருடமும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, வருடாவருடம் அவருக்கே கடிதம் எழுதியிருக்கிறான். உதட்டைக் கடித்ததில் ரத்தம் உப்புக் கரித்தது.

அவள் பலகையைப் படமெடுத்தாள். வரைவில் அந்த வரியைக் குறுக்கே அடித்தாள். "இவர் சொன்னதும் நீங்க சொன்னதும் அப்படியே எழுதிக் கொண்டாங்க, கையெழுத்தோட" என்றாள் எழுத்தரிடம். "மேல யாரு என்ன சொன்னாலும் என் பேர் போட்டு அதையே எழுதறேன்."

எழுத்தர் அவசரமாகப் பாக்கிப் பேரேட்டைக் கொண்டுவந்து திறந்தார். "மொதல்ல இதை முடிச்சுடறேன் அண்ணே. தள்ளுபடின்னு போட்டுடறேன்."

"என்னது?"

"தள்ளுபடி. இனிமே கடிதம் வராது."

அவர் மேசையில் ஓங்கி அறைந்ததில் மைக்கூடு துள்ளியது. "தள்ளுபடியா? கடன் வாங்கினவனுக்குப் போடறது தள்ளுபடி. நான் எவன்கிட்டடா கடன்பட்டேன்? பிச்சை போடறியா எனக்கு?"

"அப்போ... எப்படிண்ணே எழுத?"

"இந்த ஆள் எதுவும் தரவேண்டியதில்லை. எப்பவும் தரவேண்டியிருந்ததில்லை. எழுது."

எழுத்தர் எழுதினார். இரண்டாவது வாக்கியத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று. அவர் விரலை வைத்துக் காட்டினார்; திருத்தினார் எழுத்தர். அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேரேட்டை மூடப்போனார்.

"முத்திரை?"

எழுத்தர் முத்திரையை எடுத்து மையில் ஒற்றி மெல்ல வைத்தார். வட்டம் பாதிதான் விழுந்தது.

"இன்னொரு தடவை" என்றார் அவர். "நல்லா அழுத்து."