பத்தொன்பது அடிப் புங்கமரம்

மாநகராட்சியும் பள்ளிகளும் கைகோத்து ‘வளர்ச்சியும் ஒளியும்’ என்றொரு திட்டத்தில் கையெழுத்துப் போட்டன. பள்ளிக்கு ஒரு மரக்கன்று. மாதம் ஒரு தடவை அதன் உயரத்தை அளந்து செயலியில் ஏற்ற வேண்டும். செல்போனில் நடக்கும் வேலை என்பதால் அது கம்ப்யூட்டர் வேலை; கம்ப்யூட்டர் வேலை என்பதால் அது பாண்டிமீனாவின் வேலை. கொட்டாம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் தற்காலிகக் கணினி ஆசிரியை அவள். நிரந்தர ஆசிரியர்கள் யாருக்கும் கை வலிக்காத ஏற்பாடு.

பாண்டிமீனா எதையும் முறையாகச் செய்கிறவள். டேப்பை வைத்து மூன்று தடவை அளப்பாள். மூன்றும் ஒன்றாக வந்தால் டேப் சரிதானா என்று சந்தேகப்படுவாள். முதல் மாதம் புங்கங்கன்று ஒன்றரை அடி இருந்தது. இரண்டாவது மாதம், மதில் இடிந்த பக்கமாக வந்த ஆடு ஒன்று அதை ஒட்ட மேய்ந்துவிட்டுப் போயிருந்தது. அவள் பூஜ்யம் என்று போட்டாள். செயலி சிவப்பாகிச் சொன்னது: ‘சென்ற மாத உயரத்தைவிடக் குறைவாக இருக்க இயலாது.’

திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாநகராட்சி உதவியாளர் கோகுல்நாத்துக்குப் போன் போட்டாள்.

“சார், செடிய ஆடு தின்னுருச்சு.”

“அப்படியா மேடம்? இப்ப என்ன ஹைட்?”

“செடியே இல்லீங்க சார்.”

“இல்லேன்னு சொல்றதுக்கு அதுல பட்டன் கிடையாது மேடம். போன மாசத்தவிடக் கூட ஒரு நம்பரப் போட்டு விடுங்க. வளரட்டுமே, நமக்கென்ன?”

புதுக் கன்று வைத்தாலும் அது ஒரு அடிதான் இருக்கும். செயலி அதையும் ஒத்துக்கொள்ளாது. தலைமையாசிரியை சரண்யாதேவிக்கும் கோகுல்நாத் சொன்னதே நியாயமாகப் பட்டது. “ஒரு ஆட்டுக்காக ஸ்கூல் பேரக் கெடுக்க முடியுமா, மீனா?”

பாண்டிமீனா பொய்யையும் ஒழுங்காகத்தான் சொன்னாள். புங்கமரம் எப்படி வளரும் என்று தேடிப் படித்து, சித்திரை வெயிலில் கால் அடியும் ஐப்பசி மழையில் முக்கால் அடியும் கூட்டினாள். ஆனால் ஆய்வுக் கூட்டத்தில், கே.கே. நகர்த் தனியார் பள்ளி ஒன்றின் வேம்பு ஒரே வருஷத்தில் பதினோரு அடி வளர்ந்திருந்ததற்குக் கைதட்டினார்கள். திரும்பி வரும்போது சரண்யாதேவி கேட்டார்: “நம்ம மரத்துக்கு மட்டும் என்ன சீக்கு?”

அதன்பிறகு மரத்துக்குச் சீக்கு இல்லை. மூன்றாவது வருஷம் அது பத்தொன்பது அடியைத் தொட்டது. அதன் நிழலால் பள்ளிக்கு மாதம் நாற்பது யூனிட் மின்சாரம் மிச்சமாவதாகச் செயலியே சொன்னது. அதற்கொரு கேடயம் கொடுத்தார்கள். அந்த நிழல் விழவேண்டிய இடத்தில், மொட்டை வெயிலில் நின்று, எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பிளஸ் டூ கணினிச் செய்முறைத் தேர்வன்று காலை ஒன்பதரைக்குக் கரண்டு போனது. தேர்வு பத்து மணிக்கு. நாற்பது பிள்ளைகள் ஆய்வுக்கூட வாசலில் வரிசையில் நின்றார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாண்டிமீனா பள்ளி வாசலுக்கு ஓடினாள். அங்கே லைன்மேன் ஆண்டிச்சாமி, ஏணியும் நீளமான தொரட்டியுமாக இரண்டு ஆட்களோடு நின்றிருந்தார்.

“மரம் எங்க இருக்கு டீச்சர்?”

“எந்த மரம்ணே?”

“பத்தொம்பது அடிப் புங்க மரம். மாநகராட்சியில இருந்து லிஸ்ட் வந்துருக்கு. கம்பி பதினெட்டு அடியில போகுது, அதான் லைன நிறுத்திருக்கோம். கெளைய வெட்டிட்டுத்தான் லைன் போடணும்.”

அவள் கன்று வைத்திருந்த குழியைக் காட்டினாள். அதில் ஒரு கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. ஆண்டிச்சாமி குழியைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், மறுபடி குழியைப் பார்த்தார்.

“ஆடு தின்னுருச்சுண்ணே.”

“பத்தொம்பது அடியையுமா? எம்புட்டுப் பெரிய ஆடு தாயி அது?”

“புள்ளைகளுக்குப் பரீட்சைண்ணே. லைனப் போட்டு விடுங்கண்ணே.”

“வெட்டுன போட்டோ ஏத்தாமப் போட்டா என் வேலை போயிரும். மரம் இல்லேன்னு எழுதிக் குடுங்க, இப்பவே போட்டுட்டுப் போறேன்.”

சரண்யாதேவி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “எழுதிராத மீனா! மாதிரிப் பள்ளின்னு நம்மளப் பாக்க சனிக்கிழமை வாராங்க. ஏண்ணே, தெருவுல ஏதாவது ஒரு மரத்த வெட்டிப் போட்டோ எடுத்துக்கங்களேன்.”

“அது நெசமான மரம்மா. அத வெட்டுனா கேஸு.”

பரீட்சையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று தேர்வாளரிடம் கேட்டார்கள். “நாளைக்கு எனக்கு வேற ஸ்கூலு. இன்னைக்கு முடியலேன்னா நாப்பது ஆப்சென்ட் போட்டுட்டுப் போக வேண்டியதுதான்,” என்றார்.

எழுதினால், இரண்டரை வருஷப் பொய்யும் தன் கையெழுத்தில் வெளியே வரும். ஏப்ரலில் அவள் வேலையை நீட்டிக்க வேண்டியவர் சரண்யாதேவி. எழுதாவிட்டால் நாற்பது ஆப்சென்ட். செய்வது சரிதானா என்று அவளுக்குத் தெரியவில்லை; வழக்கமாகவே தெரியாது. சுவரில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தாள். ஆடு வந்த தேதி, அதற்குப் பிறகு மாதவாரியாக ஏற்றிய உயரம்...

“ரெண்டு வரி போதும் தாயி, மணியாகுது,” என்றார் ஆண்டிச்சாமி.

“கையெழுத்து நீ மட்டும் போடு. என்னையச் சேக்காத,” என்றார் சரண்யாதேவி.

பத்து இருபதுக்குக் கரண்டு வந்தது.

எட்டாம் நாள் மாநகராட்சியிலிருந்து தபால் வந்தது. ‘தங்கள் கடிதத்தின் மூலம், பத்தொன்பது அடிப் புங்கமரம் தற்போது இல்லை எனத் தெரியவருகிறது. அனுமதியின்றி அதை வெட்டியது ஏன்? வெட்டிய கட்டைகள் எங்கே? மூன்று நாளில் விளக்கம் தரவும்.’

“மரம் இருக்குன்னு எழுதிக் குடுத்துரு,” என்றார் சரண்யாதேவி. “பரீட்சைதான் முடிஞ்சிருச்சே.”

பாண்டிமீனா இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டாள். கடைசியில் ஒரே வரியாக அனுப்பினாள்: ‘மரத்தை நான் வெட்டவில்லை, வளர்த்தது மட்டுமே நான்.’

மறுநாள் கோகுல்நாத் கூப்பிட்டார். குரலில் நிம்மதி தெரிந்தது. “வளர்த்தது நீங்கதான்னு எழுத்துல வந்துருச்சுல்ல மேடம், அது போதும். பராமரிக்கத் தவறுனதா ஃபைலப் போட்டாச்சு. ஏப்ரலோட உங்கள நிறுத்தச் சொல்லிருவாங்கன்னு நெனைக்கிறேன். திட்டத்துக்கு ஒண்ணும் பாதிப்பில்ல.”

அவள் அப்போது செய்முறைத் தேர்வு மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்று பெயர் முடிந்திருந்தது. ஒரு ஆப்சென்ட்கூட இல்லை.

“இன்னும் ஏழு பேரு இருக்காங்க சார், ஏத்திட்டுப் பேசுறேன்,” என்று சொல்லி, போனைக் கவிழ்த்து வைத்தாள்.