மிசாவோ பெயரில் எட்டு ஏக்கர்

1

இந்தக் கதையை எழுதியிருக்கவே வேண்டாம். கலிபோர்னியாவில் எங்கள் ஜப்பானியக் குடும்பங்களின் பழைய நிலப் பத்திரங்களையும் குடியிருப்புப் பதிவுகளையும் புத்தர் கோயிலுக்காகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். 1930ஆம் வருடக் கணக்கெடுப்பில், மிசாவோ நிஷிகுச்சி என்ற பெயருக்கு எதிரே எவரோ கிறுக்கியிருந்தார்: ‘ஒன்பது வயது என்கிறார்கள். பார்த்தால் ஆறு.’ பேசாமல் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். அன்றைக்கென்று சோம்பல் என்னைக் கைவிட்டது.

2

1921இல் நிஷிகுச்சி குடும்பம் பேரிக்காய்த் தோப்பு வாங்கியபோது அதன் உரிமையாளருக்கு வயது நாற்பது நாள், அவர் தொட்டிலில்...

(அடித்துவிட்டேன். ரொம்பச் சாமர்த்தியம்.)

நேராகவே சொல்கிறேன். ஜப்பானிலிருந்து வந்தவர்கள் நிலம் வாங்கக் கூடாது என்பது சட்டம். இங்கே பிறந்த குழந்தை வாங்கலாம். ஆகவே கைக்குழந்தை மிசாவோ பெயரில் எட்டு ஏக்கர். இரண்டு வயதில் தொண்டை அடைப்பான் வந்து குழந்தை செத்துப்போனது. சாவைப் பதிந்தால் நிலம் போய்விடும். சத்தமில்லாமல் தோப்பிலேயே புதைத்தார்கள். மறுவருடம் பிறந்தவளுக்கும் மிசாவோ என்றே பெயர். அவள் பிறப்பைப் பதியவில்லை.*

* அந்தத் தாயைக் குறைசொல்லி நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கையும் கிழித்துவிட்டேன்.

3

இரண்டாவது மிசாவோவைத் தேடிப் போனேன். இப்போது, 1985இல், அவருக்கு அறுபத்தொரு வயது. காகிதத்தில் அறுபத்து நான்கு.

“எல்லாம் தெரியும் தம்பி. கணக்கெடுக்க வந்தவன், ‘ஒன்பது வயசா? பொடிசா இருக்காளே’ன்னான். ‘எங்க ஆளுங்களே குட்டைதாங்க’ன்னு அம்மா சமாளிச்சுட்டா!”

சிரித்து முடித்ததும் குரல் இறங்கியது.

“அக்காவுக்கு ஒரு கல்லு வைக்கணும். நானும் போய்ட்டா அப்படி ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரியாது. கல்லுல என்னன்னு வெட்டச் சொல்றது? நீதானே எழுதுறவன்.”

4

முடிவு ஒன்று: கல்லில் ‘அக்கா’ என்று மட்டும்... (அழவைக்கிற வேலை. வேண்டாம்.)

முடிவு இரண்டு: அக்காவுக்குப் புதுப்பெயர் வைத்துவிடலாம். சொல்லிப் பார்த்தேன்.

“வேற பேரச் சொன்னா அவ திரும்பிப் பாப்பாளா? மிசாவோன்னே வெட்டிடு. அவ சட்டைய அறுபது வருஷம் போட்டுக் கிழிச்சிட்டேன். திருப்பிக் குடுக்கணுமில்ல?”

“அப்போ உங்க கல்லுல?”

“எனக்கென்ன தெரியும்? படிக்கிறவங்களக் கேளு.”

களைத்துவிட்டேன். கல் வெட்டுகிறவர் வியாழக்கிழமை வருகிறார். ஒரு தாய் தன் இரண்டாவது மகளுக்குப் பத்திரத்துக்காக இல்லாமல், ஆசைக்காக மட்டும் பெயர் வைத்திருந்தால் அது என்னவாக இருந்திருக்கும்? தோன்றினால் இங்கே எழுதுங்கள்:

.....................