எதிலிருந்து அளப்பது?

சாகிற நட்சத்திரம் இரண்டு முறை ஊதும். முதல் காற்று மெதுவானது, நொடிக்குப் பத்து கிலோமீட்டர்தான். ஆனால் வாயு ஏராளமாக வெளியேறும். மேலடுக்குகள் கழன்று சூடான உள்கரு வெளியே தெரிந்ததும் இரண்டாவது காற்று கிளம்பும். இது நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர். முன்னே போன சோம்பேறி வாயுவை எட்டிப் பிடித்துத் தள்ளி, மெல்லிய ஓடாகக் குவித்துவிடும். நட்சத்திரத்தின் இடுப்பைச் சுற்றி வாயு அடர்த்தியாக இருந்தால், காற்று அங்கே முட்டிக்கொண்டு மேலும் கீழும் வழி பார்க்கும். மணற்கடிகாரம் போன்ற நெபுலாக்கள், அதாவது வாயு மேகங்கள், அப்படி உருவானவை.

அப்படி ஒரு நெபுலாவின் ஓடு எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதுதான் ஆய்வு மாணவியான அவளுடைய ஆய்வு. பத்து வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் பின்னணி நட்சத்திரங்களை வைத்துப் பொருத்தினால், ஓடு நகர்ந்த தூரம் தெரிந்துவிடும். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் பழைய படத்தைத் திறந்தாள்.

"துடைப்பம்! இங்க வா."

படங்களைச் சுத்தம் செய்பவனுக்கு ஆய்வகம் வைத்த பெயர் அது.

"என்னக்கா, தூசி கீசி விட்டுட்டேனா?"

"தூசிய விட்டிருந்தா கும்பிட்டிருப்பேன். நட்சத்திரமெல்லாம் எங்கடா?"

"நீங்கதானே சொன்னீங்க? வாசல் சுவர்ல மாட்டணும், அம்மை போட்ட மாதிரி இருக்கு, எல்லாத்தையும் எடுத்துடுன்னு."

சொன்னாள்தான்.

"அசல் ஃபைல்?"

"டிஸ்க் ரொம்பிடுச்சு, பழசை அழிக்கட்டுமான்னு மெசேஜ்ல கேட்டேன். கட்டைவிரல் போட்டீங்க."

அந்தப் படத்தை எடுத்த தொலைநோக்கியைக் கழற்றி ஆறு வருடம் ஆகிறது. வேறு பிரதி கிடையாது.

"ஓட்டோட ஓரத்தை வெச்சுப் பொருத்திப் பார்த்தா?"

"ஓரம்தானேடா நகருது! ஓடுறவனையே அடையாளமா வெச்சு அவன் ஓடின தூரத்தை அளப்பியா?"

"புதுசா ஒண்ணு எடுப்போமே?"

"எடுக்கலாம். அது இன்னைய வானம். எனக்கு வேண்டியது பத்து வருஷத்துக்கு முந்தினது."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "உங்க கைடு சார்கிட்ட நான் வேணா சொல்லட்டுமாக்கா?"

"சொல்லி?"

தொலைநோக்கி வேறு, படத்தின் அளவும் வேறு; அவள் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். பழையதைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். ஓடு விரியவே இல்லை. கொஞ்சம் சிறிதாக்கினாள், இருமடங்கு வேகத்தில் விரிந்தது. இரண்டுமே சரியாகத்தான் தெரிந்தன.