பூஜை எடுக்காத வருடம்

1973இல் விஜயதசமி கழிந்த மறுநாளிலிருந்து வடகரப்பதி எல்லைத் தமிழ் ஆய்வு நூலகத்தின் பதினோராயிரத்துச் சொச்சம் புத்தகங்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அலமாரிகளுக்குப் பூட்டு கிடையாது. புத்தகத்தை எடுக்கலாம், தூக்கலாம், முகர்ந்துகூடப் பார்க்கலாம். அட்டையை விரிக்கத்தான் முடியவில்லை. முதலில் இதைக் கண்டவர், உடும்பஞ்சோலை ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்களின் பழைய மனுக்களைப் படிக்க மதுரையிலிருந்து வந்த ஓர் ஆய்வாளர். அரைமணி நேரம் ஒரு தொகுப்போடு மல்லுக்கட்டிவிட்டு, தன் கைக்குத்தான் ஏதோ வாதம் வந்துவிட்டது என்று பயந்து, அடுத்த பஸ்ஸில் வைத்தியரைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் கட்டடம் நூலகமாவதற்கு முன்பு சென்னியப்பன் என்ற பண்ணையக்காரரின் பஞ்சு குடோனாக இருந்தது. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும் இடுக்கி மலையிலும் தமிழர்கள் எழுதி வைத்ததையெல்லாம் ஒரே கூரையின் கீழ் சேர்க்க வேண்டும் என்று சர்வகலாசாலைக்குத் தோன்றியபோது, அவர் பஞ்சைக் காலி செய்து குடோனைக் கொடுத்தார். கிணற்றுப் பங்கு ஏடுகள், கல்யாணப் பாட்டு நோட்டுகள், எஸ்டேட் தொழிலாளர் லயங்களிலிருந்து ஊருக்குப் போன கடிதங்கள், கோயில் சண்டை நோட்டீசுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. அவற்றுக்குத் தலைவியாக வந்தவள் ஞானஜோதி. சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவச் சபை உபதேசியார் ஏசுரத்தினத்தின் மகள், சரித்திரத்தில் எம்.ஏ. தோட்டக் கடிதங்களில் பாதியை அவளே லயம் லயமாக ஏறி இறங்கி, கட்டன்சாயா குடித்து, கெஞ்சி வாங்கி வந்திருந்தாள். அட்டவணை போடுவதில் புலி. கிழிந்த காகிதம் ஒன்றைக் கொடுத்தால் அது எந்த மலையில் எந்த வருடம் எழுதப்பட்டது என்று மையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் புத்தகங்கள் ஏன் தன்னிடம் முகம் திருப்பிக்கொண்டன என்று மட்டும் தெரியவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. கோயமுத்தூரிலிருந்து பைண்டர் ஒருவர் வந்து மூன்று கத்திகளை மழுங்கடித்துக்கொண்டு போனார். ஈரம்தான் காரணம் என்று யாரோ சொல்ல, ஒரு தொகுதி உடும்பஞ்சோலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போய் இரண்டு நாள் சூட்டில் இருந்துவிட்டு வந்தது. நல்ல வாசனை வந்ததே தவிர, அட்டை அசையவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எழுத்துகள் எல்லாம் இருந்த இடத்தில் ஒழுங்காகவே இருந்தன, ஒரு கமாகூட விழவில்லை. ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கை. சந்தைக்கு வந்தவர்கள் போகிற வழியில் ஆளுக்கொரு புத்தகத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

தலைநகரத்துக்கு இது வேடிக்கையாக இல்லை. ஆனி மாதத்தில் துணைச் செயலர் ஒருவர் வந்து வாசகர் பதிவேட்டைப் புரட்டினார். அது மட்டும் திறந்தது, ஏனென்றால் அது புத்தகம் அல்ல. எட்டு மாதமாக ஒரு கையெழுத்தும் இல்லை. "திறக்காத புஸ்தகத்துக்கு எதுக்கு மேடம் ஒரு டைரக்டர்?" என்று மலையாளம் கலந்த தமிழில், கோபம் இல்லாமல்தான் கேட்டார். அக்டோபர் முடிவதற்குள் ஒரு வாசகராவது படித்துவிட்டுப் பதிவேட்டில் ஒப்பு வைக்காவிட்டால், தொகுப்பு முழுவதும் லாரியில் ஏறித் தலைநகரத்துக் கிடங்குகளுக்குப் பிரிந்து போகும், நூலகம் மூடப்படும் என்று உத்தரவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ஞானஜோதி சாப்பிடவில்லை. கிடங்குக்குப் போன காகிதம் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆவணியில் ஒரு காலை, நூலகத்தைக் கூட்டிப் பெருக்கும் பழனாத்தாள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு, கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"ஏனுங்க அம்மிணி, போன வருசம் பூஜை எடுத்தது யாருங்க?"

ஞானஜோதி உதவியாளர் அப்புசாமியைப் பார்த்தாள். அப்புசாமி ஞானஜோதியைப் பார்த்தார்.

"நீங்க எடுத்திருப்பீங்கன்னு இருந்துட்டனுங்க," என்றார் அப்புசாமி.

"நீங்க எடுத்திருப்பீகன்னுல்லா அண்ணாச்சி நான் நெனச்சேன்," என்றாள் அவள்.

விஷயம் இதுதான். அந்தப் பக்கத்தில் சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களைச் சாமி முன் வைத்துவிட்டால், பிறகு யாரும் ஒரு வரிகூடப் படிக்கக் கூடாது. விஜயதசமி காலையில் வீட்டுக்குப் பெரியவர் யாரோ அவர் முதல் புத்தகத்தை எடுத்து, நாலு வரி வாசித்தால்தான் மற்றவர்கள் தொடலாம். அதற்குப் பெயர் பூஜை எடுப்பது. வழக்கமாகப் பேருக்கு நாலு புத்தகம் வைப்பார்கள். அப்புசாமிக்கு எதையும் விட்டுவைக்க மனமில்லாமல், குடோனில் மிஞ்சிக் கிடந்த நூற்கண்டைப் பிரித்து எல்லா அலமாரிகளையும் சுற்றிக் கட்டி, பதினோராயிரத்தையும் பூஜையில் வைத்துவிட்டார். ஞானஜோதியோ, பிறர் கும்பிடுகிற இடத்தில் ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை என்று சிறுவயதிலிருந்து பழக்கப்பட்டவள். அவர்கள் நிம்மதியாகக் கும்பிடட்டும் என்று சின்னக்கானலுக்கு பஸ் ஏறிவிட்டாள். தலைவி இருக்கத் தான் கை வைப்பதா என்று அப்புசாமி காத்திருந்தார். பொரி நமுத்துப் போனதும் பழனாத்தாள் பெருக்கி, நூலையும் அறுத்துப் போட்டாள். மரியாதைக்கு மரியாதை சரியாகப் போய்விட்டது, பூஜையை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

அன்றே அப்புசாமி எடுத்துப் பார்த்தார். கோயில் பூசாரியும் எடுத்துப் பார்த்தார். நடக்கவில்லை. "பெரிய தலை எடுக்கோணுமுங்க. அதும் அந்த நாள்லதானுங்க," என்றார் அப்புசாமி.

"நான் வேதக்காரி அண்ணாச்சி. ஒங்க சாமிக்கு வச்சத நான் எப்படி எடுக்கது?"

"சாமிக்கு வெச்சது நாங்க. புத்தகம் உங்களுதுங்க."

அவள் தகப்பனாருக்கு எழுதினாள். ஏசுரத்தினம் இரண்டு நாள் ஜெபித்துவிட்டு ஒரு கார்டு போட்டார். 'அன்புள்ள மகளுக்கு, அந்த ஊரார் உனக்காக ஒரு வருடமாய்க் காத்திருக்கிறார்கள். ஜனங்களைக் காக்கவைப்பது மரியாதை என்று நம் வேதத்தில் நான் எங்கும் வாசிக்கவில்லை. போய் எடு.'

அந்த வருட விஜயதசமி அக்டோபர் கடைசி வாரத்தில் வந்தது. லாரி மறுநாள் வருவதாகத் தந்தி வந்திருந்தது. சென்னியப்பன் முதல் சந்தைக் கடைக்காரர்கள் வரை குடோன் வாசலில் கூடிவிட்டார்கள். ஞானஜோதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கும்பிடவில்லை. கண்ணை மூடித் தன் வழக்கப்படி ஒரு ஜெபம் சொன்னாள். எதிரே இருந்த அடுக்கில் கைக்குக் கிடைத்ததை எடுத்தாள். அட்டை சாதாரணமாகத் திறந்தது. அது 1911இல் எழுதிய ஒரு கிணற்றுப் பங்கு ஏடு. 'கிழக்கு மேட்டுக் கிணற்றில் வெள்ளிக்கிழமை முறை தண்ணீர் மூத்தவள் வீட்டுக்கு' என்று வாசலுக்குக் கேட்கும்படி வாசித்தாள். நாலாவது வரியில் மற்ற புத்தகங்களும் ஒருசேரத் திறந்துகொண்டன. அந்தக் காற்றில் குடோன் மூலைகளில் வருடக்கணக்காக ஒட்டியிருந்த பஞ்சு முழுவதும் கிளம்பி வாசலில் நின்றவர்கள் தலையில் படிந்தது. மறுநாள் லாரியோடு வந்த துணைச் செயலர் சோதனைக்காக ஒரு கல்யாணப் பாட்டு நோட்டைத் திறந்தவர், டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு வாசகர் பதிவேட்டில் ஒப்பு வைத்துவிட்டு, காலி லாரியில் திரும்பிப் போனார்.

அதன்பிறகு ஒவ்வொரு விஜயதசமிக்கும் ஞானஜோதிதான் பூஜை எடுத்தாள். ஊர்க்காரர்களுக்கு அதில் பேச ஒன்றும் இருக்கவில்லை. 1978 மாசியில் ஏசுரத்தினம் காலமானார் என்று தந்தி வந்தது. அவள் உடுமலை வழியாக மலை பஸ் பிடித்துப் போனாள். அன்று நடுப்பகலில், படித்துக்கொண்டிருந்தவர்கள் கையிலேயே புத்தகங்கள் மெதுவாக மூடிக்கொண்டன. இந்த முறை யாரும் பைண்டரைக் கூப்பிடவில்லை, கத்தி தேடவில்லை. வாசகர்கள் மூக்குக் கண்ணாடியை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். அப்புசாமி வாசல் பலகையில் சாக்கட்டியால் எழுதி வைத்தார்: 'அம்மிணி ஊட்டுல துக்கம். புத்தகமெல்லாம் லீவு.' சந்தைக்குப் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, அந்த இடத்தில் பேச்சைத் தணித்துக்கொண்டு நடந்தார்கள்.

ஒன்பதாம் நாள் ஞானஜோதி திரும்பி வந்தாள். தகப்பனாரை அடக்கம் செய்தபோதுகூட அழாமல் நின்றவள், அந்தப் பலகையைப் பார்த்ததும் தெருவிலேயே நின்று வாய்விட்டு அழுதாள். பழனாத்தாள் வந்து அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "உள்ள வாங்க அம்மிணி, எல்லாம் உங்களுக்குத்தான் காத்துட்டிருக்குதுங்க," என்றாள். ஞானஜோதி உள்ளே போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு புத்தகத்தை எடுத்து நாலு வரி வாசித்தாள். அன்று சாயங்காலத்துக்குள் பதினான்கு பேர் படித்துவிட்டு ஒப்பு வைத்தார்கள்.