அவங்களுக்கு என்ன பண்டிகை

அவள் வந்துவிடுவாள், அதுதான் பயம், பழம் பறிக்க வரச் சொல்லிக் கேட்டால் ஓஃபெலியா முடியாது என்று சொல்லவே மாட்டாள், வீட்டு விருந்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கொழுந்தன்களையும் நாத்தனார்களையும் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு நல்ல துணியோடு வயலில் வந்து நிற்பாள், அதனால்தானே கேட்க முடியவில்லை, வரமாட்டாள் என்று தெரிந்திருந்தால் உல்யானா இந்நேரம் நாலு தடவை போன் போட்டிருப்பாள்... ஆனால் அப்படியா, நிஜமாகவே அதனால்தானா, வேறொன்றும் இல்லையா? சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு அவற்றையே பார்த்தாள். பண்டிகை நாளில் கைகளை என்ன செய்வதென்று நாற்பது வயது தாண்டியும் அவளுக்குப் பழகவில்லை. இருட்டோடு ஜெபவீட்டுக்குப் போய், நின்று நின்று கால் மரத்துத் திரும்பி வந்து, நேற்றே சுட்டு வைத்த பாலாடை அப்பத்தை எடுத்து வைத்தாயிற்று, இனி ஊசியில் நூல் கோர்ப்பதுகூடப் பாவம். இன்று சனிக்கிழமை, பேதுரு பவுல் திருநாள், நாளை ஞாயிறு. இரண்டு நாளும் வேலை கூடாது. ஆனால் வெயிலுக்கு யார் சொல்வது? மூன்று நாளாக இந்த ஓரிகன் பள்ளத்தாக்கில் ஒருவரும் பார்த்திராத வெயில். ஜன்னல் வழியே வரிசை வரிசையாய் ராஸ்பெர்ரி, தொட்டால் கையோடு வந்துவிடும் பதம், அடுப்பே இல்லாமல் ஜாம் காய்கிற மாதிரி ஒரு வாசனை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை வரை விட்டால் பழம் இருக்காது, செடிக்கடியில் சிவப்புச் சேறுதான் இருக்கும், இந்த வருஷம் மழையில் ஸ்ட்ராபெர்ரி போனது போல இதுவும் போனால் பின்வயலை விற்க வேண்டியதுதான் என்று புருஷன் கிப்ரியான் நேற்று ராத்திரி சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"ஒரே ஒரு போன் உல்யா," என்றான் கிப்ரியான் இப்போது, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, தாடியைக் கையால் நீவிக்கொண்டு. "நான் என்ன வேலையா செய்யச் சொல்றேன்? செடியில இருக்கிற பழத்தை இன்னைக்கு அவளுக்கு வித்துட்டேன்னு வச்சுக்கோ. அவ பழத்தை அவ பறிக்கிறா. திங்கக்கிழமை அவகிட்டருந்து நான் வாங்கிக்கிறேன். இதுல பாவம் எங்க வந்துச்சு?" அவன் தம்பி ஃபோமா, வீட்டில் காய்ச்சிய பழமதுவைக் காலையிலிருந்தே சாய்த்துக்கொண்டிருப்பவன், கோப்பைக்குள்ளேயே சிரித்தான். "பேதுரு மீன் பிடிச்சவர் அண்ணே. வக்கீல் இல்ல. அவர்கிட்ட இந்தக் கணக்கெல்லாம் செல்லுமா?" கிப்ரியான் அவனைப் பார்க்கவில்லை. ஃபோமாவே தொடர்ந்தான். "ஆனா அண்ணி, அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. அவங்களுக்கு என்ன பண்டிகை? நமக்கு வருஷத்துல பாதி நாள் பண்டிகை. மெக்சிகோக்காரனுக்கு மழை பேஞ்சாத்தான் பண்டிகை." அவனே சொல்லி அவனே ரசித்தான். "இன்னைக்கு அவங்க வீட்டுல விசேஷம்," என்றாள் உல்யானா. "தெரியும் தெரியும், பொண்ணு டீச்சராயிட்டா. ரெண்டு மணி நேரம் பறிச்சுட்டுப் போய் ஆடட்டுமே, யாரு வேணாம்னது?" என்றான் கிப்ரியான்.

ஆமாம், யார் வேண்டாமென்றது... ஜூன் மாதம் ஸ்ட்ராபெர்ரி வரிசையில் ஓஃபெலியா இடுப்பில் கைவைத்து நின்று சொன்னாள், பெரிய வைக்கோல் தொப்பி, இப்போது அவள்தான் மேஸ்திரி, அவள் சொன்னால் முப்பது பேர் வருவார்கள், எல்லாம் சொந்தக்காரர்கள். "கொமாத்ரே, அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி ஒரு ஆளும் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னைத் திட்டாத. ஸுலேமாவுக்கு விருந்து. ஆடு வெட்டறோம். நீயும் வரணும். சாப்பிட மாட்டேன்னு தெரியும், வந்து சும்மா உக்காரு. எங்க வீட்டுல நீதான் வெளியாளு, உன் கோப்பையை நீயே எடுத்துட்டு வந்துடு." சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தாள். உல்யானாவும் சிரித்தாள், ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு முகம் சுட்டது. வெளியாட்களுக்கென்று கதவோரத் தட்டில் தனியாக வைத்திருக்கும் கோப்பையை ஓஃபெலியா இத்தனை வருஷமாக, யாரும் காட்டாமலே, தானே போய் எடுத்துக்கொள்வாள். நம் கோப்பையில் வெளியாள் வாய் வைத்தால் அது தீட்டு, அது நம் பழைய ரஷ்ய விசுவாசத்தின் சட்டம், சைபீரியாவிலிருந்து சீனாவுக்கும் சீனாவிலிருந்து பிரேசிலுக்கும் பிரேசிலிலிருந்து இங்கேயும் தாத்தா காலத்திலிருந்து தூக்கிவந்த சட்டம், அதைத் தூக்கிவந்ததால்தான் நாம் நாமாக இருக்கிறோம் என்பார்கள், இருக்கலாம். ஆனால் கொமாத்ரே என்று கூப்பிடுகிறாளே, ஒரு பிள்ளையின் அம்மா அதன் ஞானத்தாயைக் கூப்பிடும் பெயர் அது, நம் ஆட்களிடமும் அதே உறவு இருக்கிறது, அதற்குக் குமா என்று பேர். ஞானத்தாயாக நிற்க இவளுக்கு ஏது அனுமதி? நின்றதில்லை. ஆனால் அந்த முதல் வருஷம், இரண்டு பேரும் கூலிக்குப் பறித்த வருஷம், ஒரே கொட்டடியில் பக்கத்துப் பக்கத்து அறை, முற்றத்தில் ஒரே குழாய், ஓஃபெலியாவுக்கு மார்பில் கட்டி வந்து காய்ச்சலில் கிடந்தபோது, வரிசைக் கடைசியில் பழப்பெட்டிக்குள் வீறிட்ட குழந்தையை எடுத்து... யாரும் சொல்லவில்லை, யோசிக்கவும் இல்லை, தன் மகள் வஸ்ஸாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பால், ஒரு பக்கம் வஸ்ஸா, ஒரு பக்கம் ஸுலேமா. அவள் பால் அந்தக் குழந்தைக்குள் போகலாம், அவள் கோப்பை அதன் தாய் உதட்டுக்குப் போகக்கூடாது. இதில் எது சட்டம், எது தவறு? யாரிடம் கேட்பது?

"ஒரே வருஷம்தானே அண்ணி ஆரம்பிச்சோம்," ஃபோமா மேசையைத் தட்டினான், அவன் எப்போதும் இங்கேதான் வந்து நிற்பான், இரண்டாவது கோப்பைக்குப் பிறகு. "அதே வரிசை, அதே வாளி. இப்பப் பாருங்க. நமக்கு நிலம். அவங்களுக்கு வாளி. ஏன்?" ஏன்... உல்யானாவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் ஒரு பதில் வருகிறது, பிறகு அது நழுவிவிடுகிறது. நாம் உழைத்தோம். அவர்கள் உழைக்கவில்லையா, ஓஃபெலியாவின் புருஷன் எலிஹியோவின் முதுகைப் பார்த்தவள்தானே அவள். நாம் சேர்த்தோம், மகன்கள் கூலியைக் கொண்டுவந்து அப்பன் கையில் கொடுத்தார்கள். அவர்களும் கொடுத்தார்கள், அது மெக்சிகோவில், மிச்சோவாகானில் ஒரு வீட்டுக் கூரையாகப் போயிற்று. நாம் விமானத்தில் இறங்கினோம், நமக்காக ஒரு சபை வந்து நின்றது, கையில் காகிதம் கொடுத்தது. அவர்கள் லாரிக்கடியில் படுத்து எல்லை தாண்டி வந்தார்கள். குளிர் வந்ததும் அவர்கள் தெற்கே போக வேண்டியிருந்தது, நாம் இங்கேயே இருந்து தச்சுப் பட்டறையில் வேலை பார்த்தோம். பிறகு அந்த ஜெர்மன்காரப் பெரியவர், நிலத்துக்காரர்... பன்னிரண்டு வருஷம் எலிஹியோதான் அவருக்குப் பைப் பதித்தான், கொடி கட்டினான், பழம் எந்த மூலையில் முதலில் பழுக்கும் என்று அவனுக்குத்தான் தெரியும். ஆனால் விற்கும் நாள் வந்தபோது அவர் கிப்ரியானைத்தான் கூப்பிட்டார். உன் தாடியைப் பார்த்தால் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் என் தாத்தா படம் மாதிரியே இருக்கிறது என்றாராம். கிப்ரியான் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்வான். எலிஹியோவின் முகத்தைப் பார்த்து யாருக்கு யார் தாத்தா ஞாபகம் வரும்? அப்படியானால் ஒரு தாடியா? இவ்வளவும் ஒரு தாடியா? இல்லை, அப்படிச் சொன்னால் மாமனார் பட்டதெல்லாம், கொட்டடியில் பிறந்து இறந்த அவளுடைய இரண்டாவது பிள்ளை, எல்லாம் ஒன்றுமில்லாததாகிவிடும், அதையும் அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சரி, நிலம் நமக்கு, ஆனால் ஜெயித்தது நாம்தானா? செப்டம்பரில் ஃபோமாவின் பேரன் போய் உட்காரப்போகும் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கப்போவது ஸுலேமா. போன வாரம் அதை உல்யானா சொன்னபோது ஃபோமா, "வாளி தூக்கினவ பொண்ணு நம்ம பயலுக்கு எழுத்துச் சொல்லித்தரப்போறாளா, காலம்டா," என்றான். ஸுலேமாவும் வஸ்ஸாவும் ஒரே பெட்டியில் தூங்கியவர்கள். வஸ்ஸாவுக்குப் பதினைந்தில் கல்யாணம், உல்யானாவுக்கும் அப்படித்தான் நடந்தது, அவள் அம்மாவுக்கும். நல்ல பையன், நல்ல வீடு, புது டிரக், நாலு பிள்ளைகள், ஐந்தாவது வயிற்றில். காலையில் ஜெபவீட்டில் வஸ்ஸா சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள், உதடு வெளுத்திருந்தது. "ஸுலேமா எந்தக் கிளாஸுக்கு டீச்சர்மா?" என்று வெளியே வந்ததும் கேட்டாள். ரெண்டாம் கிளாஸ் என்றதும் "நல்லது" என்று சொல்லிக் குனிந்து சின்னவன் மூக்கைத் துடைத்தாள், அவ்வளவுதான், அந்த நல்லதில் என்ன இருந்தது என்று உல்யானா வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். உடனே தராசு இந்தப் பக்கம் சாயும், ஓஃபெலியாவின் மூத்தவன், எல்லையில் பிடித்துத் திருப்பி அனுப்பப்பட்டவன், வருஷக்கணக்காக அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை, விருந்துக்கும் அவன் இல்லை. அப்படியா, உன் மகன் மட்டும்? மிரோன் தாடியை மழித்துக்கொண்டு அலாஸ்காவில் படகோட்டுகிறான், குடிக்கிறான், சபையை விட்டு விலக்கியாயிற்று, வருஷத்தில் ஒருநாள் வந்தால் எல்லோரும் சாப்பிடும் மேசையில் உட்கார முடியாது, கதவோரத் தட்டிலிருந்து கோப்பையை எடுத்துக் கதவோரமாகவே நின்று குடிக்கிறான். ஓஃபெலியா குடிக்கிற அதே கோப்பை. இவளுடைய வயிற்றில் பிறந்தவன். அவள் மகன் எல்லைக்கு அந்தப் பக்கம், இவள் மகன் மேசைக்கு அந்தப் பக்கம், எது தூரம் அதிகம்? எதை எதோடு வைத்துப் பார்ப்பது, எங்கே தொடங்கி எங்கே நிறுத்தினால் நாம் மேலே வருகிறோம்? இப்படி யோசிப்பதே பாவமோ என்னவோ, திருநாளும் அதுவுமாக.

அப்படியென்றால் போன் போடாதது தன் பொறாமைக்குப் பயந்தா? போட்டால் அந்த விருந்து கலையும். அது அவளுக்குப் பிடிக்காமல் இருக்குமா? ஒரு நொடி, ஒரே நொடி, மாலை கட்டிய முற்றமும் வெட்டிய ஆடும் அப்படியே கிடக்க எல்லோரும் வேனில் ஏறுவதை அவள் மனம் பார்த்தது, பார்த்தபோது உள்ளே ஏதோ ஆறிய மாதிரி இருந்தது. ஐயோ, அது நானா? போன வருஷம் எலியாஸ் திருநாளிலும் இப்படித்தான், கிப்ரியான் சொன்னான், அவள் கேட்டாள், ஓஃபெலியா மாமியாருக்குத் திவசம் என்று முனகிவிட்டு வந்துவிட்டாள், கறுப்புத் துணியோடு பறித்தாள். அன்றைக்கு உல்யானா ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கலாமா, தண்ணீர் சுமப்பது வேலையாகுமா என்று யோசித்து யோசித்துப் பொழுது போய்விட்டது.

நாற்காலி கிறீச்சிட்டது. கிப்ரியான் எழுந்துபோய்ச் சுவரிலிருந்து போனை எடுத்து, நீளச் சுருள் வயரை இழுத்துக்கொண்டே வந்து, அவள் மடியில், அந்தச் சும்மாக் கைகளின் மேல் வைத்தான். சூடாக இருந்தது, வெயில் பட்ட கல் மாதிரி. "மணியாகுது உல்யா. நீ கேட்டா வருவா." அவன் குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது, அது இன்னும் கஷ்டமாயிருந்தது. பின்வயலை விற்றால் இந்த மனிதன் என்ன ஆவான் என்று அவளுக்குத் தெரியும். "நீங்க கேட்டாலும் வருவா," என்றாள். "எனக்கு அவங்க பாஷை சரியா வராது," என்றான் அவன். "பிரேசில்ல சந்தையில அதே மாதிரி பாஷை பேசி மாடு பிடிச்சது யாரு?" என்றாள் உல்யானா. ஃபோமா சிரித்துவிட்டான். "அதானே. அண்ணன் மாட்டுக்காரங்ககிட்ட ஒரு நாள் முழுக்கப் பேசுவாரே, வெலை குறையுற வரைக்கும்." கிப்ரியான் சிரிக்கவில்லை. சாமிப் படங்கள் இருக்கும் மூலையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான், பிறகு தணிந்து, ஏதோ எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்வதுபோல, "நான் எப்படிக் கேக்கறது? இன்னைக்குத் திருநாளாச்சே," என்றான்.

உல்யானா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் விளையாடவில்லை, ஏமாற்றவும் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டு நின்றான், இத்தனை வருஷமும் அப்படித்தான் நம்பியிருக்கிறான், அவளும்கூட அதை ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. அவனுக்குத் திருநாள். அவள் நாக்கால் கேட்டால் பரவாயில்லை. அப்படியானால் அவள் இந்த வீட்டில் எந்தப் பக்கம்... பண்டிகை உள்ளவர்கள் பக்கமா, ஃபோமா சொன்ன அந்த மற்றவர்கள் பக்கமா? போனுக்குள் விடாமல் ஒரே சத்தம் இரைந்துகொண்டிருந்தது, எண்ணைச் சுழற்று, சுழற்று என்கிற மாதிரி. ஓஃபெலியாவுக்காகவா, பேதுருவுக்காகவா, வஸ்ஸாவின் வெளுத்த உதட்டுக்காகவா, அல்லது அந்த ஒரு நொடி தனக்குள் ஆறியதே, அதற்குப் பயந்தா... அவளுக்குத் தெரியவில்லை, யோசித்தால் தெரியும் என்றும் தோன்றவில்லை. போனை இரண்டு கையாலும் எடுத்து அவன் பக்கம் நீட்டினாள்.

"நான் கேக்கல," என்றாள். "உங்களுக்கு வேணும்னா நீங்க கேளுங்க."

அவன் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அவளும் கையை மடக்கவில்லை.