மூடி திறக்காத டப்பா

2024 ஜூலை 19, ஆடி முதல் வெள்ளிக்கிழமை. மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு தனியார் பள்ளியில், ஆறாம் வகுப்பு 'ஏ' பிரிவில், 'எங்கள் வீட்டு வாசனை' என்ற மாதிரி வகுப்பு நடந்தது.

பல பண்பாட்டுக் கல்வி வகுப்பறையில் எப்படி நடக்கிறது என்று பார்க்க பெங்களூரிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். அவர்கள் தலையசைத்தால் பள்ளிக்குச் சான்றிதழ் கிடைக்கும். யோசனை துணை முதல்வர் மஹதி மேடத்துடையது. ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டு வாசனையை ஒரு சின்ன பாட்டிலில் அடைத்துக் கொண்டுவர வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்ட இன்னொரு குழந்தை முகர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். காப்பித்தூள், சாம்பிராணி, மல்லிகை, அத்தர் என்றுதான் அவர் மனத்தில் ஓடியிருக்கும். வீடு என்றால் வேறு வாசனையும் உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை. வகுப்பை நடத்தவிருந்த ஆரோக்கியமேரிக்குத் தோன்றியது. அவள் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு மதியம் மேரி ஆசிரியர் அறை மேசையில் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்தாள். சாந்தோம் வீட்டில் அம்மா செய்து கொடுத்த நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. மூடியை இன்னும் திறக்கவில்லை. வாசலில் நின்ற மஹதி மேடம் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மேரி, தப்பா நெனச்சுக்காதீங்கோ. இந்த நாத்தம் எனக்கு ஒத்துக்கறதில்லை. குழந்தைகள்லாம் வந்துண்டு போயிண்டு இருக்கா. நீங்க வெளில உக்காந்து சாப்பிடுங்கோ."

கட்டுரை நோட்டுகளைச் சுமந்துகொண்டு சரண்யா கதவோரம் நின்றிருந்தாள். நொச்சிக்குப்பத்துப் பெண், மேரியின் வகுப்பு.

அன்று முதல் மேரி சைக்கிள் ஸ்டாண்டில், தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எதிரே வரும்போதெல்லாம் மஹதி மேடம் சிரித்து வணக்கம் சொல்வார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆறவில்லை. மூக்கைப் பொத்த முடியாமல், அதே சிரிப்போடு, நாலு பேர் பார்க்க அவர் நிற்க வேண்டும். மேரிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வகுப்புக்கு முந்தின நாள் சரண்யா தயங்கித் தயங்கி வந்தாள்.

"மிஸ், எங்கூட்ல வாசனையா ஒண்ணும் இல்ல மிஸ். கருவாடுதான் கீது."

"அது வாசனை இல்லையா?"

"ஆடில அம்மனுக்குக் கூழு ஊத்த சொல்லோ கருவாட்டுக் கொழம்பு வைப்போம். தெருவே தூக்கும் மிஸ். ஆனா இங்க சிரிப்பாங்க."

"சிரிச்சா நான் பாத்துக்கறேன். எடுத்துட்டு வா."

கணக்கு டீச்சர் ஜுவேரியா கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை போனதும், "உன் சண்டைய நீ போடு மேரி. அந்தப் பொண்ண ஏன் முன்னாடி தள்ளுற?" என்றாள். மேரியிடம் பதில் இருந்தது. வெளியே சொல்லும்படி இல்லை.

வகுப்பு நன்றாகவே போனது. ஷ்ரவண் அத்தரை முகர்ந்துவிட்டு "கல்யாணம்" என்றான். அனன்யா பெருங்காயத்தை "எங்காத்து ரசம்" என்றாள். விருந்தினரில் தமிழ் தெரிந்த அம்மாள் சிரித்துவிட்டு, "மேடம், நீங்களும் ஒண்ணு ட்ரை பண்ணுங்களேன்" என்றார்.

மஹதி மேடம் சற்றே வெட்கத்தோடு முன்னால் வந்தார். ஆடி வெள்ளிக்கான மஞ்சள் பட்டு, தலையில் கதம்பம். மேரி கைக்குட்டையால் அவர் கண்ணைக் கட்டினாள். மேசையில் இரண்டு பாட்டில்கள் மீதி இருந்தன. காப்பித்தூள் கைக்கெட்டும் இடத்தில். மேரியின் கை அதைத் தாண்டிச் சரண்யாவின் பாட்டிலுக்குப் போனது. மூடியைத் திருகினாள்.

மஹதி மேடத்தின் வலக்கை மேலே எழுந்தது, கழுத்தருகே நின்றது, மெல்ல இறங்கியது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. தொட்டி விளிம்பில் விழுங்கிய ஒவ்வொரு கவளத்துக்கும் சேர்த்து மேரி பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலையே."

"இன்னும் கொஞ்சம் கிட்ட வெச்சுப் பாருங்க மேடம்."

"நிஜமாவே தெரியலை மேரி."

சரண்யா எழுந்தாள். எல்லார் பாட்டிலுக்கும் பெயர் கிடைத்து, தன்னுடையதற்கு மட்டும் கிடைக்காத வருத்தம் அவள் முகத்தில் இருந்தது.

"இல்ல மேடம், உங்களுக்குத் தெரியும். அன்னிக்கு மேரி மிஸ் டப்பாவத் தொறக்கவே இல்ல, வாசப்படியிலயே கண்டுபுடிச்சீங்களே. நாத்தம்னு வெளிய போச் சொன்னீங்களே."

எழுதிக்கொண்டிருந்த அம்மாளின் பேனா நின்றது. மஹதி மேடம் கண்கட்டை அவிழ்க்கவில்லை. மேரியும் அவிழ்க்கவில்லை.

சான்றிதழ் கிடைத்தது. குழந்தைகள் அச்சமின்றிப் பேசுகிறார்கள் என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. திங்கட்கிழமை மதியம் மேரி ஆசிரியர் அறை மேசையின் நடுவில் டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டாள். மஹதி மேடம் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்.

புதன்கிழமை சரண்யாவை 'பி' பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தப் பிரிவுக்கு மேரி பாடம் எடுப்பதில்லை.