பொற்கிளி

ஓஸ்வால்ட் எதிலும் கறாரான ஆள் இல்லை. பெங்களூர் ஆடுகோடியில் அவன் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் யார் வேண்டுமானாலும் அவனிடம் ஒரு கதை விட்டு லீவு வாங்கிவிடலாம். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் தலையை ஆட்டிவிட்டு வருவான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட்ட கையோடு, முன்னறை மேசையில் பகடைகளைக் கொட்டிவிட்டான் என்றால் அவன் வேறு ஆள். அப்போது அவன் அம்பயர். கெஞ்சினாலும் நடக்காது, கொஞ்சினாலும் நடக்காது.

விளையாட்டு இதுதான். பூமிக்கடியில் ஒரு பாழடைந்த சுரங்கம். அதில் பூதம், வேதாளம், புதையல் எல்லாம் உண்டு. எது எங்கே இருக்கிறது என்பது ஓஸ்வால்டுக்கு மட்டும்தான் தெரியும், வரைந்தவன் அவன். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். வேடம் என்றால் அரிதாரம் எல்லாம் இல்லை, ஒரு தாளில் பெயரும் நாலைந்து எண்களும்தான். இடது பக்கம் போகிறேன், கதவில் காது வைத்துக் கேட்கிறேன், கல்லைத் தூக்கிப் போடுகிறேன் என்று வாயால் சொல்வார்கள். அதனால் என்ன ஆகிறது என்று ஓஸ்வால்ட் சொல்வான். அவனுக்கே தெரியாத இடத்தில் பகடை சொல்லும். பகடையை எல்லோர் கண்ணெதிரிலும் உருட்டுவான். செத்தால் செத்ததுதான். போனில் விளையாடுகிற விளையாட்டில் வருவது போல மறுபடி உயிர் கொடுக்கும் வேலையெல்லாம் அவனிடம் கிடையாது.

"நான் கதை எழுதறதில்லப்பா," என்பான் புதிதாக யாராவது கேட்டால். "எடத்த மட்டுந்தான் எழுதறேன். கதை நீங்க நடக்க நடக்க வரும்."

மூன்று வருடமாக வந்துகொண்டுதான் இருந்தது. ஆடுகிறவர்கள் மூன்று பேர். குணசேகர், கோலார் தங்க வயலில் ஓஸ்வால்டின் பக்கத்து வீடு. இரண்டு பேர் அப்பாக்களும் ஒரே கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் கேப் வண்டிகளை அனுப்பும் வேலை. மௌரீன், ஒக்கலிபுரத்துக்காரி, பல் டாக்டரிடம் நர்ஸ். தாரணி, குடியாத்தத்திலிருந்து வந்து எலெக்ட்ரானிக் சிட்டி பி.ஜி. விடுதியில் தங்கி சாஃப்ட்வேர் சோதிக்கிற பெண். குணசேகர்தான் கேப்பில் பழக்கமாகி அவளைக் கூட்டிவந்தான்.

அவள் வந்த புதிதில் நடந்ததை ஓஸ்வால்ட் பட்டறையில் சொல்லாத ஆள் இல்லை. இரண்டாம் தளத்தில் எலி முகம் கொண்ட மனிதர்களை வைத்திருந்தான், சண்டைக்காகத்தான். தாரணியின் ஆள் செல்லம்மா, சுமை தூக்குகிறவள், அவர்களைப் பார்த்ததும் கத்தியை எடுக்கவில்லை. "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அதற்கு அவன் ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை. பகடையை உருட்டினான். ஆறும் ஆறும் விழுந்தது. எலிகள் உட்கார்ந்துவிட்டன.

அந்த இடத்தில் ஒரு டீக்கடை வந்தது. பெஞ்சு வந்தது. கீழ்த்தளத்து வேதாளங்கள் டீ வாசனை பிடித்து ஏறி வந்தன. கடைக்குள் ஆயுதம் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. மௌரீனின் வைத்தியச்சி எலித் தலைவனுக்குப் பல் பிடுங்கினாள். இதில் ஒரு வரி கூட ஓஸ்வால்டின் தலையில் உதித்ததில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாத பெருமை. தான் வெட்டிய குழியில் மற்றவர்கள் ஊரையே கட்டிவிட்டார்கள் என்று பூரித்துப் போவான்.

எல்லாவற்றுக்கும் மேலே தீபாவளி கழிந்து வந்த அந்த ஞாயிறு. தாரணியின் அம்மா தவறிப்போய், காரியம் முடிந்து அவள் திரும்பி வந்த வாரம். அன்றைக்கென்று பார்த்து செல்லம்மா ஒரு பொறிக்கதவில் கால் வைத்து கீழே விழுந்தாள். தண்ணீர் ஏறியது. மேலே நின்ற இருவருக்கும் எதிரே மூன்று வழிகள். ஒரு வழிக்குத்தான் நேரம் இருந்தது. மூன்றிலும் ஒரே மாதிரி தண்ணீர்ச் சத்தம் என்று ஓஸ்வால்ட் சொன்னான். அதுதான் எழுதியிருந்தது. குணசேகர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு, "நடுவுல," என்றான். "ஏன்னு கேக்காத. மனசு சொல்லுது."

நடு வழிதான். செல்லம்மாவின் கை தண்ணீருக்கு மேலே தெரிந்தது, பிடித்து இழுத்தார்கள். தாரணி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். ஓஸ்வால்டும் அழுதான். இப்படி ஒன்றை யாராலும் எழுத முடியாது, நடக்கத்தான் முடியும் என்று அன்றைக்கு அவன் நினைத்தான்.

இந்த ஞாயிறு மூவரும் ஆறாம் தளத்தில், அடைத்துப் பூசிய ஒரு சுவருக்கு முன்னால் நின்றார்கள். குணசேகர் நல்ல குஷியில் இருந்தான். மிக்சரை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே சொன்னான்.

"இந்த செவுத்த ஒடைக்கலாம் மச்சி. உள்ள அந்த பொற்கிளி இருக்கும்ல, தூக்கினு நேரா மேல போயிடலாம்."

ஓஸ்வால்ட் சிரித்தான். அவன் சுரங்கத்தில் கிளியே கிடையாது. "கிளியா? யார்ரா சொன்னா?"

"எலிங்க சொல்லல? டீக்கடைல பேசிக்கினாங்களே."

எலிகள் அத்தனை பேருக்கும் குரல் கொடுத்தவன் ஓஸ்வால்ட். எந்த எலியும் கிளியைப் பற்றி மூச்சு விட்டதில்லை. இருந்தாலும் ஒருவேளை தான்தான் மறந்துவிட்டோமோ என்று, மற்றவர்கள் கண்ணில் படாதபடி எதிரே நிறுத்தியிருந்த அட்டைக்குப் பின்னால் குனிந்து வரைபடத்தைப் பார்த்தான். சுவருக்குப் பின்னால் சின்ன மாடம். அதில் அவன் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: பொற்கிழி.

சர்ச் ஃபாதரின் வெள்ளி விழாவில் பட்டுத்துணியில் காசை முடிந்து கொடுத்தபோது காதில் விழுந்த சொல் அது. பிடித்துப்போய் சுரங்கத்தில் வைத்திருந்தான். அதை அவன் எழுதியது தமிழ் எழுத்தில் அல்ல. ஓஸ்வால்ட் படித்தது கன்னடப் பள்ளியில். பேசுவது தமிழ், எழுதுவது கன்னட எழுத்து. சர்ச்சில் வாசிக்க வேண்டிய தமிழ் வேத பாடத்தைக் கூட அப்படித்தான் எழுதி எடுத்துப் போவான். இன்றைய கன்னடத்தில் ழகரம் இல்லை. அதனால் ளகரத்தைப் போட்டு அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பான். அந்தப் புள்ளி அவனே கண்டுபிடித்தது, வேறு யாருக்கும் தெரியாது. புள்ளியைக் கவனிக்காமல் அந்தச் சொல்லைப் படித்தால் கிழி கிளியாகிவிடும்.

அந்தச் சொல்லை ஓஸ்வால்ட் இந்த மேசையில் ஒரு தடவை கூட வாயால் சொன்னதில்லை. கண்ணால் படித்தவன்தான் கிளி என்று சொல்ல முடியும்.

குணசேகரும் அதே கன்னடப் பள்ளி, அதே பெஞ்சு. போன மழைக்காலத்தில் தங்கச்சி எலிசபெத் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓஸ்வால்ட் ஊருக்குப் போனபோது, காவேரித் தண்ணீர் வரும் நேரம் சம்ப் தொட்டியை நிரப்பச் சொல்லி வீட்டுச் சாவியை அவனிடம்தான் கொடுத்தான். வரைபடம் அலமாரியில் சும்மா சுருட்டித்தான் கிடந்தது. பூட்டி வைக்கத் தோன்றவில்லை. கூட வளர்ந்தவன் முன்னால் யாராவது அலமாரியைப் பூட்டுவார்களா?

உடனே சட்டையைப் பிடித்திருக்கலாம். அது அவனுக்கு வராது. மேசையில் அவனுக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதான்.

"செவுத்த ஒடைக்கறியா?"

"ஒடைக்கறேன்."

பகடை உருண்டது. சுவர் உடைந்தது. "உள்ள ஒரு மாடம்," என்றான் ஓஸ்வால்ட். "மாடத்துல ஒரு கிளி. தங்கக் கிளி."

எழுதியதை மாற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. குணசேகருக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா, சொன்னேன்ல."

"கிளி தலையத் திருப்பி உன்னப் பாக்குது. பேசுது."

"இன்னா பேசுது?"

"'என்னிய எங்கடா படிச்ச?'ன்னு கேக்குது."

குணசேகரின் சிரிப்பு பாதியில் நின்றது. மிக்சர் கை அப்படியே இருந்தது.

"அது கிளி இல்லடா," என்றான் ஓஸ்வால்ட். "கிழி. துணில முடிஞ்ச காசு. கீழ புள்ளி வெச்சிருக்கேன்."

"போட்டோல புள்ளி தெரியவே இல்லியே," என்றாள் மௌரீன்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓஸ்வால்ட் அவளைப் பார்த்தான். ஒருத்தன் என்று நினைத்து ஒரு மாதிரி தாங்கிக்கொண்டிருந்தவன், இப்போது எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

கன்னட எழுத்தில் பஸ் போர்டு கூடப் படிக்கத் தெரியாத தாரணி, மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்த போட்டோக்கா?"

குணசேகர் கையிலிருந்த மிக்சரைத் தட்டில் போட்டான்.

"மோட்டர் போட்டுட்டு சும்னே ஒக்காந்திருந்தேன்டா. எடுத்துப் பாத்தேன். போன்ல ஒண்ணு எடுத்தேன், மௌரீனுக்கும் அனுப்பினேன். ஜெயிக்கறதுக்கு இல்ல, சத்தியமா. ஒரு ஆசை."

"அன்னிக்கு? நடு வழி?"

குணசேகர் தலையைக் குனிந்துகொண்டான். பதில் மௌரீனிடமிருந்து வந்தது, கொஞ்சம் கோபமாகவே.

"அம்மாவ எடுத்துப் போட்டுட்டு வந்து ஒக்காந்திருக்கு அந்தப் பொண்ணு. அத தண்ணில முக்கி சாவடிக்கறதா? நீங்க விட்டிருப்பீங்க அண்ணா. உங்க ரூல்ஸ் அப்படி. பாத்ரூம் போற மாதிரி போயி போன்ல பாத்துட்டு வந்து இவருகிட்ட சொன்னது நான்தான். தப்புன்னு தோணல. இப்பவும் தோணல."

ஓஸ்வால்டுக்கு அந்த நாள் முழுக்கத் திரும்ப ஓடியது. மூடிய கண்கள், அந்த நீண்ட மௌனம், மனசு சொல்லுது. எவ்வளவு நன்றாக நடித்திருக்கிறான். அதைப் பார்த்து இவன் அழுதிருக்கிறான். அதற்குப் பிறகு நடந்தவற்றில் எது பகடை, எது இவர்கள் இரண்டு பேர் என்று இனி யார் பிரித்துச் சொல்வது? திருடியிருந்தால் கூடத் திட்டித் தீர்த்திருக்கலாம். இரக்கப்பட்டு ஏமாற்றியவர்களை என்ன சொல்லித் திட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் ஏமாந்தது ஏமாந்ததுதான்.

"எனக்காகவா செஞ்சீங்க?" என்று தாரணி கேட்டாள். சத்தமே இல்லாமல் கேட்டாள்.

"உனக்காகத்தாம்மா," என்றான் குணசேகர்.

"நான் கேக்கலையேண்ணா." அவள் தன் தாளை நேராக்கி வைத்தாள். "எங்கம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப எல்லாரும் எங்கிட்ட பொய்தான் சொன்னாங்க. சரியாயிடும், சரியாயிடும்னு. டாக்டர்லேர்ந்து சித்தி வரைக்கும். அப்புறம் இங்க வந்தேன். செல்லம்மா பொழச்சப்ப, இது மட்டும் யாரும் எனக்காக சொன்ன பொய் இல்லன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அழுதேன்."

மௌரீன் அவள் தோளில் கை வைக்கப் போனாள். தாரணி நகர்ந்துகொண்டாள்.

"அண்ணா," என்றாள் ஓஸ்வால்டிடம். "அன்னிக்கு இவங்க பாக்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"தெரியாதும்மா. மூணுல ஒண்ணு. குருட்டாம்போக்குதான்."

"அப்ப பகடைய நான் உருட்டறேன். ஒண்ணு, ரெண்டு விழுந்தா நடு வழி. மத்தது விழுந்தா வேற வழி. சரிதானே?"

ஓஸ்வால்ட் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். "சரிதான்," என்றான்.

உருட்டினாள். பகடை மிக்சர்த் தட்டில் இடித்து நின்றது. நாலு.

குணசேகர்தான் முதலில் பேசினான். "டேய், வெளையாட்டுதானடா இது. இப்பத்தான் இல்லாத கிளிய கொண்டாந்த. நீ மனசு வெச்சா ஆய்த்து. விடு."

உண்மைதான். கிளியைக் கொண்டுவந்தவனுக்கு ஒரு பெண்ணைத் தண்ணீரிலிருந்து தூக்கத் தெரியாதா? ஒரு வார்த்தை போதும். மௌரீன் அவனைக் கெஞ்சலாகப் பார்த்தாள். தாரணி மட்டும் கெஞ்சவில்லை. அவள் காத்திருந்தாள். இந்த ஒருவனாவது தன்னிடம் பொய் சொல்கிறானா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்லம்மா செத்துட்டாம்மா," என்றான் ஓஸ்வால்ட். "தண்ணில. தீபாவளி கழிஞ்சு."

தாரணி தலையை ஆட்டினாள். பேனாவை எடுத்து செல்லம்மா என்ற பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இன்னாடா இது," என்றான் குணசேகர். "அப்ப நாங்க? எங்க ஆளுங்க என்ன ஆனாங்க?"

ஓஸ்வால்ட் அம்பயர் குரலில்தான் சொன்னான். மூன்று வருடமாகச் சொல்லிவந்த அதே குரல்.

"நீங்க ரெண்டு பேரும் மேல வந்துட்டீங்க. அவள உள்ளயே விட்டுட்டு."

குணசேகர் எழுந்து வாசலில் செருப்பைத் தேடினான். யாரும் அவனை இரு என்று சொல்லவில்லை.